தோலில் ஒட்டும் இங்க்

இரண்டு பழுப்புத் தோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மற்றவர்களுக்கு இரண்டும் பழுப்பு. கோபிநாத்துக்கு ஒன்று ஆர்டர், இன்னொன்று ரிஜெக்ட். ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய தோல் ஃபேக்டரியில் நிறம் பார்த்துச் சொல்லும் சூப்பர்வைசர் அவர். அந்தக் கண்ணை மெச்சி, தோல் வாங்க வந்த இத்தாலிக்காரர் ஒருவர் ஒரு ஃபவுண்டன் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இருக்கும் இங்க் தெரிகிற, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உடம்பு. அன்றிலிருந்து ஃபேக்டரியில் அவர் பெயர் பேனா சார். பேங்கில் யாராவது பேனா கேட்டால் கொடுப்பதற்கென்றே ஒரு பால்பென்னைத் தனியாக வைத்திருந்தார்.

ஒரு ஆர்டரின் நிறம் முடிவானதும் உள்ளங்கை அளவு தோலை வெட்டி, கோபிநாத் கையெழுத்துப் போட்டு, வாங்குகிறவருக்கு அனுப்புவது வழக்கம். பின்பக்கம் போட்டால் இங்க் ஊறி எட்டுக்கால் பூச்சியாகப் பரவியது. அதனால் முன்பக்கம் போட்டார். பளபளப்பு ஏற்றிய முன்பக்கத்தில் இங்க் ஒட்டுவேனா என்றது. ஊதி ஊதிக் காயவைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் சென்னை ஏஜென்ட்டிடமிருந்து மெயில் வந்தது. நிறம் வந்து சேர்ந்தது, கையெழுத்து வந்து சேரவில்லை.

இனி எல்லோரும் மார்க்கர்தான் என்று மேனேஜர் சீனிவாசன் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அதே இத்தாலிக்காரர் வருகிறார். பேனா கொடுத்தவர் கண்ணெதிரே மார்க்கரால் கிறுக்குவதா? கோபிநாத்துக்குச் சோறு இறங்கவில்லை. கையெழுத்தை ஒரு அட்டையில் போட்டுத் தோலோடு கட்டி அனுப்பலாமே என்றாள் தரம் பார்க்கும் வஜீதா.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல மாப்பிள்ளைக்குப் பதிலா ஃபோட்டோவை உக்கார வெச்ச மாதிரி இருக்கும்மா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு பஸ் ஏறினார். பேனாக்கடை ஆரோக்கியசாமி செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: பேனாவுக்கென்று விற்கிற, தண்ணீரில் கரைகிற இங்க் மட்டும்தான் ஊற்றவேண்டும். படம் வரைகிற இங்க்கில் பிசின் இருக்கும், காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். ஸ்டாம்ப் பேடு இங்க் பக்கமே போகக்கூடாது. கோபிநாத் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: தோலில் ஒட்டுமா?

"பேனாவுக்கு ஆகுமா ஆகாதான்னு கேளுங்க, சொல்றேன். தோல்ல எது ஒட்டும்னு ஆம்பூர்லேர்ந்து வந்து என்னைக் கேட்டா எப்படி சார்?"

அதுவும் சரிதானே என்று கோபிநாத்துக்குப் பட்டது. அங்கேதான் வினை பிடித்தது.

மறுநாள் ஸ்டோருக்குப் போய், தோலில் ஸ்ப்ரே அடிக்கிற கறுப்புச் சாயம் கேட்டார். தின்னர் கலந்தது, தொட்டால் கையில் ஒரு வாரம் இருக்கும். ஸ்டோர் முஜாஹித் பாட்டிலைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இது தோலுக்கு, சார். உங்க பேனா இன்னா தோலா?"

"ஒட்டினா போதும், குடுங்க பாய்."

சாயத்தை ஊற்றியதும் பேனா ஓடியது பாருங்கள், வெண்ணெயில் கத்தி மாதிரி. தோலில் விழுந்த கையெழுத்தை அவர் லேபுக்குக் கொண்டுபோனார். காய்ந்த துணியால் தேய்க்கிற மெஷினில் வைத்தார், ஈரத்துணி வைத்தார், செயற்கை வியர்வை ஊற்றித் தேய்த்தார். ஒரு புள்ளி நகரவில்லை. ஏற்றுமதிச் செருப்புக்கு உள்ள மரியாதை அத்தனையும் கோபிநாத்தின் கையெழுத்துக்குக் கிடைத்தது. மடக்கி மடக்கி உடைகிறதா என்றும் பார்த்துவிடலாமா என்று வஜீதா சிரிக்காமல் கேட்டாள். செய்யுங்கள் என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி பூர்ணிமா சட்டைப் பையைப் பார்த்தாள். கறுப்பாக ஒரு ஏரி.

"நல்லா ஒட்டியிருக்கு," என்றாள்.

பேனாவின் உடம்பு பால் மாதிரி வெளுத்து, மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடியிருந்தது. நிப்பு அடைத்துவிட்டது. குழாயடியில் பிடித்தார், தண்ணீருக்கு மசிகிற சாயமா அது? காலையில் முஜாஹித் தின்னர் விட்டுக் கழுவலாம் என்றார். கழுவினார்கள். மூடி ஒரு கையிலும் உடம்பு இரண்டு துண்டாக இன்னொரு கையிலும் வந்தது. கையெழுத்துக்கு அத்தனை சோதனை செய்தவர்கள், பேனாவுக்கு ஒன்றுகூடச் செய்யவில்லை.

இத்தாலிக்காரர் வந்த அன்று கோபிநாத் காலியான சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். பேனாவை வீட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருப்பதாக இங்கிலீஷில் ஒரு பொய்யை நெட்டுருப் போட்டிருந்தார். நிறம் பார்த்தார்கள். வஜீதாவின் அட்டையில், பேங்கில் கேட்பவர்களுக்கென்று வைத்திருந்த அந்த பால்பென்னால் கையெழுத்துப் போட்டார். வந்தவர் பேனாவைப் பற்றி மூச்சே விடவில்லை. மாறாக, கிளம்புகிற நேரத்தில் தோள்பையைத் திறந்து சீனிவாசனுக்கு ஒன்று, வஜீதாவுக்கு ஒன்று, முஜாஹித்துக்கு ஒன்று, வாசல் வாட்ச்மேன் வேலுவுக்கும் ஒன்று என்று பேனாவாக எடுத்துக் கொடுத்தார். எல்லாம் அதே கண்ணாடி உடம்பு. கோபிநாத்துக்கும் ஒன்று கொடுத்து, முதல்முறை சந்திப்பவர்போல் பெயர் கேட்டார்.

தப்பித்தோம் என்ற நிம்மதி கேட்டுக்கு வெளியே கார் திரும்பும்வரைதான் இருந்தது.

"இப்ப பேனா சார்னு கூப்ட்டா வேலுகூட திரும்புவான்," என்றார் முஜாஹித்.

சீனிவாசன் தன் பேனாவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். காலியாக இருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் கோபிநாத்திடம் வந்தார். இதில் என்ன இங்க் ஊற்றுவது?

"பேனாவுக்குன்னே விக்கிற, தண்ணில கரையிற இங்க் மட்டும் சார். தோல்ல ஒட்டுற எதையும் இதுகிட்ட கொண்டு போய்டாதீங்க."

"இவ்ளோ உறுதியா சொல்றீங்களே, எப்படி?"

"டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன் சார்."