தேயிலைப் பெட்டிக்குள் வைத்த சின்னக் கணினி

1. ஒரு கையால் தூக்கியது

அந்தக் கணினி எங்கள் கடைக்கு வந்தது 2005 பங்குனியில். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு என்று என்னோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அது தவறு. வருடப்பிறப்புக்காகக் கடையைக் கழுவியபோது அது மேசைமேல் இருந்தது. தண்ணீர் படாமல் நான்தான் தூக்கிப் பிடித்திருந்தேன், ஒரு கையால்.

ஒரு கையால் தூக்கக்கூடிய கணினியை அதற்கு முன் நான் தொட்டதில்லை. 1994இலிருந்து பதுளையில் கணினி திருத்துகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நிமிர்ந்து நிற்கும் பெரிய பெட்டியான டவர்தான். ஹாலிஎலையிலிருந்து ஒரு டவரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தால், கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழிப்பார். இதுவோ தடித்த அகராதி ஒன்றின் பருமன். பவர் சப்ளை உள்ளே இல்லை. லாப்டொப்புக்கு வருவதுபோல் தனியாக ஒரு கறுப்புக் கட்டி. ஹார்ட் டிஸ்க்கும் லாப்டொப் வகைதான். ஃப்ளொப்பி இல்லை. பழைய பிரின்டரைச் செருகும் பெரிய போர்ட்டும் இல்லை. காற்றுக்கு ஒரே ஒரு சின்ன ஃபேன், வலது பக்கத்தில்.

கொண்டுவந்து தந்தது பதுளையில் பிராந்திய அலுவலகம் வைத்திருந்த ஒரு தோட்டக் கம்பனி. பெயர் வேண்டாம். அவர்களுடைய தோட்டங்களின் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் வேலை நாளும் கொழுந்து நிறையும் ஏறும் சம்பளப் பதிவு, அதுவரை பதுளை அலுவலகத்தில்தான் கணினியில் ஏறியது. இனித் தோட்டத்துக்கு ஒரு சின்னக் கணினி, அதற்கு ஓர் ஒபரேட்டர் என்று மாற்றலாமா என்பது யோசனை. பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் சில மாதம் ஓட்டிப் பார்த்து, தேறியதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். தேறினால் எல்லாத் தோட்டத்துக்கும் வாங்குவார்கள். தேறாவிட்டால் எல்லாம் பழையபடி பதுளையிலேயே.

கடையில் நன்றாகத்தான் ஓடியது. நான் எதிர்பார்க்காத ஒரு நல்ல குணமும் தெரிந்தது. தோட்டத்தில் ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், கொழுந்தை உருட்டும் ரோலர்கள் ஓடத் தொடங்கினால் ஒபீஸ் லைட் மங்கும். டவர் அந்த நேரத்தில் செத்துச் செத்துப் பிழைக்கும். கடையிலேயே கரண்டைக் குறைத்துக் கூட்டிப் பார்த்தேன். இதன் கறுப்புக் கட்டி அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. சாமான் சின்னதென்று நானும் முதலில் இளக்காரமாக நினைத்திருந்தேன். எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

2. ஜன்னலுக்கு உள்ளே ஒருத்தி

சித்திரை முடியுமுன் கணினியைப் பசறை பஸ்ஸில் கொண்டுபோனேன். டிக்கெட் ஒன்றுதான்.

அந்த ஒபீஸில் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் போதும். ஒருவர் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் அந்த மலைக்கு வந்து, துரைமார், அதாவது தோட்ட மேலாளர்கள், பலர் வந்து போனதைப் பார்த்தவர். ஒபீஸின் ஒவ்வொரு சாமானுக்கும் தான்தான் பொறுப்பு என்ற பயம் அவருக்கு உண்டு. வேறொரு தோட்டத்தில் டைப்ரைட்டர் களவு போய், அங்கிருந்த கிளாக்கர் பட்ட பாட்டை நேரில் கண்டிருந்தார். அதனால் அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மற்றவள் புஷ்பலதா. லதா என்பார்கள். லயத்துப் பிள்ளை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவள். தாய் கொழுந்து எடுப்பவர். ஏ.எல். பரீட்சை முடித்து, பதுளைக்கு பஸ்ஸில் வந்து கணினி படித்தவள். சோதனைக் காலத்துக்கு மட்டும் என்று தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். கணினி தேறினால் ஸ்டாஃப் ஆக நிரந்தரமாக்குவதாகச் சொல்லப்பட்டிருந்தது.

அதன் கனம் வெளியூர்க்காரருக்கு விளங்காது. அந்தத் தோட்டத்தில் லயத்து ஆட்கள் ஒபீஸுக்குள் வருவதில்லை. வெளியே ஒரு ஜன்னல் இருக்கும். எது கேட்பதானாலும் அந்த ஜன்னலில் நின்றுதான் கேட்க வேண்டும். மழையானாலும் அப்படித்தான். அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்த முதல் லயத்துப் பிள்ளை லதா. முதல் வாரத்தில் அவள் தாய் கொழுந்துக் கூடையோடு ஜன்னலடியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன வேண்டும் என்று கிளாக்கர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. புள்ள ஒக்காந்திருக்கறத பாத்துட்டுப் போறேன்."

3. களவுக்கும் ஈரத்துக்கும்

கணினியைக் கண்ட பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதென்ன தம்பி, கொம்பியூட்டரோ, பிஸ்கற் பெட்டியோ?"

கணினிதான் என்றேன்.

"சோத்துப் பார்சலோட சேத்துக் கட்டிக்கொண்டு போனாலும் தெரியாது. ஆர் பதில் சொல்லுறது? நீரே சொல்லுவீர்?"

அடுத்த முறை நான் போனபோது கணினியைக் காணவில்லை. மேசைமேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. முன்னால் கதவு, கதவில் பூட்டு. வயர்கள் மட்டும் பின்னால் ஒரு துளை வழியாக வந்தன. ஸ்டோரின் தச்சுவேலைக்காரர் செய்தது. அவரைத் தோட்டத்தில் எல்லாரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். தேயிலையைக் கடதாசிச் சாக்கில் அனுப்பத் தொடங்கிய பிறகு பழைய தேயிலைப் பெட்டிகள் ஸ்டோரில் குவிந்து கிடந்தன. அந்தப் பலகையை எடுத்து, உள்ளே தேயிலைக்குப் போடுகிற ஈயத்தாளையும் மடிப்புக் கலையாமல் ஒட்டியிருந்தார். மிக நேர்த்தியான வேலை. ஈரம் ஒரு பொட்டுப் போகாது. காற்றும்தான்.

தேயிலை மனிதர்களுக்கு எதிரி என்றால் ஈரம். ஒரு பொருளைக் காப்பாற்றுவதென்றால் ஈயத்தாளுக்குள் வைப்பது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மிக நல்ல முறையில் அந்தக் கணினியைக் காப்பாற்றியிருந்தார்கள். சூட்டைப் பற்றிப் பேசினால் சிரித்தார்கள். காலையில் கம்பளி போட்டுக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் வரிசைக்கு, நிற்கிற ஊர் அது.

கணினி வேலை செய்யும்போதும் கதவு பூட்டியே இருக்கும். திரையும் கீபோர்டும் வெளியே இருக்க, பெட்டியை ஏன் திறக்க வேண்டும் என்பது கிளாக்கரின் கேள்வி. சாவி அவர் இடுப்பில். லதா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "காலையில நல்லா ஓடுதுண்ணே. மத்தியானம் ஆனா தானா அணைஞ்சிருது. ஐயாகிட்ட சாவி கேட்டா, 'ஒனக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியல'ங்கறாரு."

நான் எல்லார் முன்னிலும் கதவைத் திறக்க வைத்து ஓட்டிக் காட்டினேன். அன்று மாலைவரை அணையவில்லை. கதவை மூடினோம், கொஞ்ச நேரத்தில் அணைந்தது. இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனையிலும் காட்ட முடியாது. களவுக்குப் பயமானால் பூட்டு இருக்கட்டும், ஃபேன் இருக்கும் வலது பக்கத்தில் ஒரு வட்டம் வெட்டினால் போதும் என்று பலகையில் பென்சிலால் போட்டும் காட்டினேன். கம்பனிச் சாமானை வெட்டுவதென்றால் துரையின் அனுமதி வேண்டும் என்றார் கிளாக்கர். துரையோ, பதுளை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். பதுளையிலோ, அது தோட்டத்து விஷயம் என்றார்கள். நான் மூன்று இடத்திலும் கேட்டேன். பென்சில் வட்டம் அப்படியே இருந்தது.

4. சம்பள வாரம்

ஆடியில் ஊவாவில் கச்சான் காற்று வீசும். நல்ல தேயிலை விளையும் காலம் அது. வறண்ட சூடும் கூடவே வரும். அந்த மாதச் செக்ரோல்தான் கடைசிச் சோதனை என்று பிராந்திய அலுவலகம் முடிவு செய்திருந்தது. குறித்த நாளில் பின்னேர பஸ்ஸில் பிரின்ட் பதுளைக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் கணினி தேறவில்லை.

அந்த நாள் முற்பகலில் கடைக்கு லதா போன் எடுத்தாள். பாதிப் பிரின்டில் கணினி அணைந்துவிட்டது. கிளாக்கரும் துரையும் சம்பளக் காசு எடுக்க பாங்குக்குப் போய்விட்டார்கள். சாவியும் போய்விட்டது. துரையின் கைபேசிக்கு எடுத்துப் பார்த்திருக்கிறாள். அந்த வளைவுகளில் சிக்னல் இல்லை. பூட்டைத் திறக்காமல் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

பிறகு கேட்டாள்: "நீங்க பென்சில்ல கோடு போட்டீங்கள்ல, அந்த எடத்துல வெட்டுனா உள்ளுக்கு எதுவும் படாதுல்லண்ணே?"

படாது என்றேன். அதுதான் உண்மை.

மீதியைப் பிறகு கேட்டறிந்தேன். ஜன்னலில் நின்ற ஒருவரிடம் கவ்வாத்துக் கத்தியை வாங்கியிருக்கிறாள். தேயிலைச் செடி வெட்டுகிற வளைந்த கத்தி அது; வட்டம் வெட்ட வராது. பலகை ஒரு பக்கம் பிளந்து, ஓட்டை பலாக்கொட்டை மாதிரிக் கோணிக்கொண்டு வந்தது. கீழே ஒரு மூலை நீண்டு கிழிந்துவிட்டது. அதற்குள் கையை விட்டு, சூடு ஆறும்வரை ஃபைல் மட்டையால் விசிறி, பொத்தானை அழுத்தியிருக்கிறாள். கணினி வந்தது. மறுபடி அணையவில்லை. செக்ரோல் பின்னேர பஸ்ஸில் பதுளைக்கு வந்தது. நானே ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். தேறிவிட்டது என்ற சந்தோஷத்தில் கண்டக்டருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்ததும் நினைவிருக்கிறது.

5. தேறியதும் தேறாததும்

ஆவணித் தொடக்கத்தில் பிராந்திய அலுவலகத்தில் கூட்டம். நான் கணினியின் நல்லது கெட்டது இரண்டையும் சொன்னேன். மங்கல் கரண்டைத் தாங்குகிறது, இடம் அடைப்பதில்லை, பழைய பிரின்டருக்குத் தனிக் கேபிள் வேண்டும், பழுதானால் பாகம் பதுளையில் கிடைக்காது, காற்று இல்லாமல் மூடி வைத்தால் சாகும். காற்றுக்கு வழி விட்டால் தேறும்.

அதன்பிறகு பெரிய கிளாக்கரின் முறைப்பாடு வந்தது. பூட்டியிருந்த கம்பனிச் சாமானை ஒபரேட்டர் கத்தியால் வெட்டினாள் என்று. லதாவையும் அழைத்திருந்தார்கள், கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

அந்த இடத்தைக் காட்டியவன் நான், பல வாரமாகக் கேட்டும் யாரும் அனுமதி தரவில்லை, அவள் வெட்டியதால்தான் இந்தச் சோதனை முடிந்தது என்று சொன்னேன். பிராந்திய மேலாளர் கோபப்படவில்லை. தங்களிடம் மெஷினைப் பற்றித்தான் கேட்டோம், ஆளைப் பற்றிக் கேட்கவில்லை என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, கிளாக்கர் பக்கம் திரும்பினார். கிளாக்கர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"தம்பி, பிள்ளை கெட்டிக்காரிதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பூட்டின சாமானுக்குக் கத்தி வைக்கிற கையை ஒபீசுக்குள்ள எப்பிடி வச்சிருக்கிறது?"

நீங்கள் சாவியை விட்டுப் போயிருந்தால் அவள் கத்தி எடுத்திருக்க மாட்டாளே என்று கேட்டேன். சாவியை ஆரிட்ட விட்டுப் போறது என்று அவர் திருப்பிக் கேட்டார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. அந்த அறையில் சாவி கொடுக்கத் தகுந்த ஆள் என்று அவளை யாரும் நினைத்திருக்கவில்லை. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

கணினி தேறியது. எல்லாத் தோட்டத்துக்கும் வாங்கினார்கள். லதாவின் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிந்தது. அவள் இடத்துக்கு ஸ்டாஃப் குவாட்டர்ஸில், அதாவது உத்தியோகத்தர் வீடுகளில், இருந்து ஒரு பையனை எடுத்தார்கள். நல்ல பிள்ளை. அவனில் குற்றம் இல்லை.

6. மாதிரி

2006இல் சர்விஸுக்காக அந்தக் கம்பனியின் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் போனேன். ஒவ்வொரு ஒபீஸிலும் அதே சின்னக் கணினி, அதே தேயிலைப் பெட்டி, அதே ஈயத்தாள், வலது பக்கம் ஓர் ஓட்டை. முதல் தோட்டத்தில் பெரிதாகக் கவனிக்கவில்லை. இரண்டாவது தோட்டத்தில் குனிந்து பார்த்தேன். பலாக்கொட்டை மாதிரிக் கோணல். கீழே ஒரு மூலை நீண்டிருந்தது. ஆனால் இது கத்தியால் கிழிந்ததல்ல. வாளால் அறுத்து, அரம் போட்டு, வார்னிஷ் பூசியது.

பசறைத் தோட்டத்துக்கு வந்ததும் பாஸைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். எல்லாப் பெட்டியும் அவர்தான் செய்து அனுப்பியிருந்தார்.

"மாதிரி அப்பிடித்தானுங்களே இருந்துச்சு. அதே மாதிரி செய்யச் சொல்லித்தான் பதுளையில இருந்து ஆடர் வந்துச்சு. அந்த மூலைய வெட்டத்தாங்க ரொம்பக் கஷ்டம்."

ஒபீஸுக்குத் திரும்பிக் கணினியின் தூசியை ஊதிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் யாரோ வந்து, நேற்று மலைக்குப் போயும் தன் பேர் விழவில்லை, வேலை நாள் பதியவில்லை என்று சொன்னார்கள். குரல் தெரிந்த குரல். தலையில் முக்காடு, முதுகில் கொழுந்துக் கூடை. புது ஒபரேட்டர் பார்த்துச் சொல்வதாகச் சொன்னான். லதா என்னைக் கண்டாள். சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"பொட்டி நல்லா ஓடுதாண்ணே?"

ஓடுது என்றேன்.

"ஓடும். காத்துப் போகுதுல்ல."

சொல்லிவிட்டு, பேர் விழுந்ததா என்று தெரியும்வரை ஜன்னலடியிலேயே நின்றாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சாமானைச் சோதிக்கச் சொன்னால், அதைக் கடை மேசையில் மட்டும் சோதித்துவிட்டு வராதீர்கள். அது வாழப்போகிற அறையில், அந்தக் கரண்டில், அந்தத் தூசியில் ஓட்டிப் பாருங்கள். சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். அது பழுதானால் பழி யார்மேல் விழும் என்றும் கேளுங்கள். நான் கூட்டத்தில் கேட்டேன். முதல் நாள் கேட்கவில்லை. இப்போது எங்கே போனாலும் இரண்டையும் முதலில்தான் கேட்கிறேன். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு, உங்களை மெஷினைப் பார்க்கத்தானே கூப்பிட்டோம் என்கிறார்கள்.