கோயமுத்தூர் மோட்டாரில் ஏறியவர்கள்

மோட்டார் கண்டக்டர் என்பவன் வண்டிக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாக வயிறு வளர்க்கிறவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரைச் சுற்றி ஓடிய அந்த மோட்டார்களில் நீங்களும் போயிருப்பீர்கள். எதிர் பெஞ்சுக்காரரின் முழங்கால் உங்கள் முழங்காலில் இடித்திருக்கும்; பக்கத்துக் கித்தான் படுதா காற்றில் வந்து முகத்தில் அறைந்திருக்கும்; வண்டி நிறைந்தால்தான் கிளம்பும் என்று நாங்கள் சொல்ல, வெயிலில் வெந்து எங்களைத் திட்டியும் இருப்பீர்கள். அவதிப்பட்டவர்கள் என்பதால் உங்களிடம் தயங்காமல் சொல்லலாம். முதலாளி என்னையும் டிரைவர் ரங்கண்ணனையும் ஒரு நாள் அவிநாசி வண்டியில் ஏறச் சொல்வார், ஒரு நாள் காங்கயம் வண்டியில், ஒரு நாள் ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியில். எதில் ஏறினாலும் யாராவது ஒரு பிரயாணி என்னை வாய் பிளக்க வைத்துவிட்டு இறங்கிப் போவார்.

மணலில் இறங்கிய வண்டி

காங்கயம் ரோட்டில் ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் ஓடை. முக்கால்வாசி நாள் அதில் மணல்தான் கிடக்கும். மழை வடிந்த ஒரு காலையில் பின் சக்கரங்கள் இரண்டும் அச்சு வரைக்கும் அந்த மணலில் இறங்கிவிட்டன. டிரைவர் ரங்கண்ணன் இஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தார். சக்கரம் சுழன்று எங்கள் மேல் மணலை வாரி இறைத்ததே தவிர வண்டி அசையவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அதற்குள் ஒருவர், "மேக்க நெம்பக் கருத்துக் கெடக்குதுங்க. தண்ணி வந்தாலும் வந்துரும்" என்றார். அதைக் கேட்டதும் பாதிப் பேர் தள்ளுவதை விட்டுவிட்டுத் தங்கள் மூட்டைகளைக் கரைக்குத் தூக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது பக்கத்து உழவுக் காட்டிலிருந்து ஒரு அம்மாள், தோளில் வடக்கயிறோடு இரண்டு காளைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். செல்லாத்தாள் என்று பெயர். "மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுங்க. எம் மாடு மெரளும்" என்றார். ரங்கண்ணன் நிறுத்தினார். அந்த அம்மாள் காளைகளை வண்டியைச் சுற்றி ஒரு நடை நடத்திக்கொண்டு போனார். சக்கரத்தை முகரவிட்டார், விளக்கை முகரவிட்டார். பிறகுதான் வடத்தைக் கட்டச் சொன்னார். அவர் அதட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. காதோரம் என்னவோ சொன்னார். இரண்டு காளைகளும் முன்னங்கால் முட்டி மணலில் பதியக் குனிந்து, திமில் இறுக ஒரே இழுப்பு இழுத்தன. அத்தனை ஆண்கள் தள்ளியும் அசையாத வண்டி, தேர் நகர்வதுபோல நகர்ந்து கரையேறியது. நாங்கள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பள்ளத்தில் செந்தண்ணீர் புரண்டு வந்தது. வண்டி நின்ற இடம் தெரியாமல் போயிற்று.

நாங்கள் தண்ணீரையும் காளைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். செல்லாத்தாள் வண்டியின் முன்பக்கத்தைத் தடவித் தடவி எதையோ தேடினார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, இத்தனை பெரிய ஜீவனுக்கு ஒரு மூக்கணாங்கயிறு கூடப் போடாமலா ரோட்டுல உட்டு ஓட்டறீங்க?"

கூடைக்குள் ஒரு சேவல்

ஊருக்குள் மின்சார விளக்கு வந்த புதிது. சிங்காநல்லூரிலிருந்து உக்கடம் போகிற வண்டியில் ஒரு பெரியம்மா ஏறினார். மில்லில் வேலை செய்கிற மருமகனுக்கு விருந்து வைக்கவென்று கூடையில் ஒரு சேவலைக் கொண்டுபோனார். நன்றாக இருட்டிவிட்டது. ஓரத்து இடத்துக்காக இரண்டு பேர் வண்டியே அதிரச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் ஸ்டேஷன் பக்கம் திரும்பினோம். வீதி நெடுக அத்தனை விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன.

சண்டை போட்டவர்கள் பாதிச் சொல்லில் நின்றுவிட்டார்கள். எத்தனையோ தடவை அந்த வீதியில் ஓட்டிய ரங்கண்ணனே வேகத்தைக் குறைத்துவிட்டார். "நீலகிரி மலையில விழுகற தண்ணியிலிருந்து இதை எடுக்கறாங்களாமுங்க" என்று மில்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். தண்ணீரிலிருந்து நெருப்பா என்று யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் என்ன சொன்னாலும் நம்பியிருப்போம். அப்போதுதான் கூடைக்குள்ளிருந்து சேவல் தலையை நீட்டி, தொண்டை கிழியக் கூவியது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. சேவலின் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "அதைப் பாத்துச் சிரிக்காதீங்க. பொழுது உடிஞ்சு போச்சுன்னு ஒரு நிமுசம் நானே நெனச்சுப்போட்டனுங்க."

முன் பெஞ்சு

இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்தக் காலத்தில் பல மோட்டார்களில் சேரி ஜனங்களை ஏற்றவே மாட்டார்கள். ஏற்றினாலும் பின்னால் நிற்க வேண்டும். அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாததாலேயே அதை மீற யாருக்கும் தைரியம் வரவில்லை.

காங்கயம் வண்டியில் ஒரு நாள் வெளுத்த சேலை கட்டிய ஒரு பெண், தன் சின்ன மகளோடு ஏறி முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பண்ணையக்காரர் ஒருவர் அவளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். "இவ எங்க காட்டுல களை வெட்டிக்கிட்டுக் கெடந்த மாராயி அல்ல? ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவ. பின்னால போகச் சொல்லு கண்டக்டர்" என்றார். வண்டி முழுவதும் என்னைப் பார்த்தது. நான் பையில் சில்லறை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மாராயி எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. 'சாமி' என்று கும்பிடாமல், எல்லோரிடமும் எல்லோரும் பேசுகிற மாதிரி, கையிலிருந்த டிக்கெட்டை நீட்டி, "ஏனுங்க, எங்க எறங்கோணும்னுதானுங்க இந்தச் சீட்டுல போட்டிருக்குது. எங்க உக்காரோணும்னு போடலீங்களே" என்றாள்.

ரங்கண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். பண்ணையக்காரருக்கு இறங்கவும் மனமில்லை, அவளுக்குப் பக்கத்தில் உட்காரவும் மனமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு காங்கயம் வரைக்கும் நின்றேதான் வந்தார். ரோட்டில் குழி வரும்போதெல்லாம் அவர் தலை கூரையில் இடித்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், பாதி வழியில் அந்தக் குழந்தை அம்மாவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்து, காலியான பலகையைக் கையால் தட்டிச் சொன்னது: "இங்க எடம் இருக்குதுங்க. வந்து உக்காந்துக்கோங்க."

யாரும் இறங்காத சவாரி

அவிநாசியில் ஒரு நாள் வண்டி பாதிகூட நிறையவில்லை. ஒரு கட்டை வண்டி ஓடி வந்து எங்கள் எதிரில் நின்றது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். அவள் புருசன் பழனியப்பன் இறங்கி ஓடி வந்தான். "கொழந்தை குறுக்கால கெடக்குதாமுங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் ரெண்டு உசுரும் தங்கும்னு மருத்துவச்சி சொல்லிப்போட்டாங்க" என்றான். நாங்கள் அந்தப் பெண்ணை நடு பெஞ்சில் படுக்க வைத்தோம். ஒரு பாட்டியம்மா கேட்காமலேயே அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ரங்கண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். அன்று காலையிலிருந்தே இஞ்சின் சரியில்லை; வேகம் குறைந்தாலே அணைந்துவிட்டது. ஒரு தடவை நின்றால், முன்னால் கம்பியைச் செருகிக் கைவலிக்கச் சுற்றினாலும் உயிர் வர வெகு நேரம் ஆயிற்று. "எங்கயும் நிறுத்த முடியாது. எல்லார்த்துக்கும் சொல்லிப்போடு" என்றார். நான் சொன்னேன். கிளம்பினோம்.

வழியில் ஒவ்வொரு ஊர் வரும்போதும் அங்கே இறங்க வேண்டியவரின் முகத்தைத்தான் பார்த்தேன். கருமத்தம்பட்டி வந்தது. அங்கே இறங்க வேண்டியவர் ஒரு வயதானவர், பெயர் நாச்சிமுத்து. வீட்டில் உறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்து காத்திருப்பதாக ஏறும்போதே சொல்லியிருந்தார். அவர் வீட்டு வாசலே ரோட்டிலிருந்து தெரிந்தது. வாசலில் நின்றவர்கள் வண்டியைப் பார்த்துக் கை காட்டினார்கள். அவர் படுதாவை விலக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி மூடிவிட்டார். அடுத்த ஊரில் இறங்க வேண்டியவரும் அப்படியே இருந்தார். அதற்கடுத்த ஊர்க்காரர் எழுந்தார். இறங்கத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். வெயில் அந்தப் பெண் முகத்தில் அடிப்பதைப் பார்த்து, துண்டை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டு கோயமுத்தூர் வரைக்கும் அப்படியே நின்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற இஞ்சின் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பெண்ணை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வேலை முடிந்தது, பிரயாணிகளின் வேலையும் முடிந்தது. ஆனால் ஒருவரும் நகரவில்லை. வேப்ப மரத்தடியில் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெகு நேரம் கழித்துப் பழனியப்பன் வெளியே வந்தான். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். பிறகு அழுதுகொண்டே, "பொம்பளைப் புள்ளைங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க" என்றான். துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர் அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு கிழக்கே கிளம்பினார். வண்டி சரியாகும் வரை இருங்கள், கொண்டுபோய் விடுகிறோம் என்று நான் கெஞ்சினேன். வீட்டில் விருந்தாளிகள் காத்திருப்பார்களே என்றும் சொன்னேன். அவர் நடையை நிறுத்தாமலே சொன்னார்: "எங்கூரு அங்கயேதானுங்க இருக்கும். நடந்து போனாப் போச்சு."

மொத்தத்தில், கண்டக்டர் வேலையில் நான் கொங்கு நாடு பூராவும் சுற்றி வந்தவன் என்று பெயர். ஒவ்வொரு ஊரிலும் நான் பார்த்ததோ இறங்கிப் போகிறவர்களின் முதுகை மட்டும்தான்.