மைனர் வரக்கூடாது

மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் துக்கம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்பது வயதில் பியானோ வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். டீச்சர் மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு வாசிப்பார், ஹேப்பியா சேடா என்று கேட்பார். "தெரியலை மிஸ்" என்பேன். நிஜமாகவே தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுரம். மேஜரின் மூன்றாவது சுரத்தை அரைப்படி இறக்கினால் மைனர். நம் ஊர்க் கணக்கில் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது, அவ்வளவுதான். கல்யாண வீட்டு நாதஸ்வரத்தில் அந்தச் சின்னக் காந்தாரம் எத்தனை ராகத்தில் இருக்கிறது? அதைக் கேட்டு எந்த மாப்பிள்ளை அழுதான்? பந்தி ஆரம்பித்துவிட்டதா என்றுதான் பார்க்கிறான்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையில் பத்தொன்பது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். எத்தனையோ அடக்க ஆராதனைகள். அதில் நான் கண்டுகொண்டது இது: மைனர் நம்மை அழச் சொல்லும். சனங்களும் சொன்ன பேச்சைக் கேட்டு அழுவார்கள், மூக்கைச் சிந்திவிட்டு காபி எங்கே என்று பார்ப்பார்கள். மேஜர் எதுவும் சொல்லாது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு மேஜர் ராகத்தை மெதுவாக வாசித்தால், போனவர் போன வாரம் எதற்கோ சிரித்தது ஞாபகத்துக்கு வரும். அதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

என் அக்காவுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறாது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், பாடகர் குழுவின் தலைவி. நான் வேகமாக வாசித்தால் மெதுவாக என்பாள், மெதுவாக வாசித்தால் தூங்குகிறாயா என்பாள், அதுவும் மைக் ஆன் ஆகி இருக்கும்போது. சாவுப் பாட்டு என்றால் அவளுக்கு மைனர்தான். "மைனர் இருந்தாத்தான் நாலு பேரு அழுவாங்க" என்பாள். நாலு பேர் அழுவதை எண்ணிப் பார்க்கிற ஆள் அவள்.

எங்களுக்கு நடுவில் அம்மா இருந்தாள். அதே குழுவில் முப்பது வருஷம் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடியவள். அப்பா எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே போய்விட்டார். செத்துப் போகவில்லை. ஜோகுபாளையத்தில் வேறொருத்தியோடு, அவள் பிள்ளைகளோடு சௌக்கியமாக இருந்தார், அதுவும் இதே ஊரில். அவரைப் பற்றி என் முன்னால் அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவுக்கு அவரை நன்றாக ஞாபகம் இருந்தது. எனக்கு ஒரு போட்டோ மட்டும்தான். அம்மாவும் அக்காவும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுவார்கள், நான் போனால் நிறுத்திவிடுவார்கள். அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

எங்கள் குழுவில் பேசுகிற விதம் ஒன்று உண்டு. கார்டை 'வாசிக்கிறோம்' என்று யாரும் சொல்வதில்லை, கார்டு 'வரும்' என்போம். "இங்க மைனர் வருது பாரு", "ரெண்டாவது லைன்ல மைனர் வரக்கூடாதுப்பா." முப்பது வருஷம் அம்மாவின் வாயிலும் இதே பேச்சுத்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நான் மட்டும் கூட இருந்தேன். அம்மா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விரலால் நகர்த்திவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"நான் போறப்ப மைனர் வேணாம்டி."

"என்னம்மா?"

"மைனர் வரக்கூடாது. என் அடக்கத்துல எங்கயும் வரக்கூடாது. நீ பாத்துக்கோ."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். சத்தியமா என்று கேட்டாள், சத்தியம் என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே கர்வம். இத்தனை வருஷச் சண்டையில் அம்மா யார் பக்கம் என்று இப்போது தெரிந்துபோயிற்று. பெரிய மகளிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். அவள் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான், அதை எப்பாடுபட்டாவது செய்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

வீட்டுக்குப் பெட்டி வருவதற்கு முன்பே அக்கா ஆரம்பித்துவிட்டாள். குழுவுக்கு போன் போட்டு, கல்லறையில் பாட ஒரு டி மைனர் பாட்டைச் சொல்லிவிட்டாள்.

"அந்தப் பாட்டு வேணாம். அம்மா மேஜர்ல கேட்டாங்க" என்றேன்.

"எப்ப கேட்டாங்க? என்கிட்ட சொல்லலையே."

"எல்லாத்தையும் உன்கிட்டதான் சொல்லணுமா?"

"அம்மா செத்த வீட்ல உன் மேஜர் மைனரை எடுத்துக்கிட்டு வந்துட்டியா. வாசிக்க இஷ்டம்னா வாசி, இல்லைனா வேற ஆள பாத்துக்கறேன்."

துஷ்டி கேட்க வந்த பெண்கள் முன்னால் சொன்னாள். கூடவே, "ஜோகுபாளையத்துக்கு யாரும் தகவல் சொல்லக்கூடாது, சொல்லிட்டேன்" என்று என் பக்கம் பார்த்து உத்தரவு வேறு. நீ யாருடி எனக்கு உத்தரவு போட என்று இருந்தது. அந்தப் பக்கத்துச் சபைக்காரர் ஒருவரிடம் நம்பர் வாங்கி, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். கல்லறைத் தோட்டம், மூன்றரை மணி. அவர்மேல் எனக்கு ஒரு துளி பாசம் கிடையாது. அக்காவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அனுப்பினேன்.

பார்த்தேன். சரியாக மூன்றரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், தலையெல்லாம் டை. வெள்ளைச் சட்டையில் மேலே இரண்டு பட்டன் திறந்திருக்க, உள்ளே தங்கச் சங்கிலி. ஏதோ வரவேற்புக்கு வந்தவர் மாதிரி எல்லோருக்கும் கைகொடுத்தார். அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள், அதற்குள் பாஸ்டர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நிறுத்திவிட்டார். தாலி கட்டின புருஷன் அல்லவா. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு வெறுப்பை நான் அவள் கண்ணில் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கு அப்போது இனித்தது.

பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். குழி தோண்டியவர் மேகத்தைப் பார்த்துவிட்டு, "பேக பேக, மளெ பருத்தே" என்று, மழை வருது சீக்கிரம் என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். பாட்டுக்கு அக்கா கையைத் தூக்கினாள். பேட்டரி கீபோர்டில் நான் டி மேஜரைப் பிடித்தேன்.

முதல் வரியில் குழு மைனரின் எஃப் சுரத்தைப் பாட, நான் மேஜரின் எஃப் ஷார்ப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பல் கூசுகிற சத்தம். நான் விடவில்லை. கீபோர்டு சத்தத்தைக் கூட்டினேன். இரண்டாவது சரணத்தில் ஆண்கள் என் பக்கம் வந்துவிட்டார்கள், அப்புறம் ஆல்ட்டோக்கள். அக்கா மட்டும் கடைசிவரை மைனரிலேயே பாடினாள், தனியாக, கழுத்து நரம்பு புடைக்க. அந்த இரைச்சலுக்கு நடுவில் பாஸ்டர் ஒரு பிடி மண்ணை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். நான் அம்மாவுக்கு மனசுக்குள் சொன்னேன்: மைனர் வரவில்லை அம்மா, நான் விடவில்லை.

சாயங்காலம் வாடகை நாற்காலிகளை எடுத்துப் போன பிறகு சமையலறையில் நானும் அக்காவும்தான். அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

"நீதானே அந்தாளை வரவச்ச?"

"ஆமா, நான்தான்."

"கேவலப்படுத்திட்ட. பாட்டுலயும் கேவலப்படுத்திட்ட."

"பாட்டு அம்மா கேட்டது."

"அம்மா என்ன கேட்டாங்க? அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு."

சொன்னேன். நான் போறப்ப மைனர் வேணாம்டி. மைனர் வரக்கூடாது. எங்கயும் வரக்கூடாது.

அக்கா குழாயை மூடினாள். கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் கேட்டாள், இந்தமுறை குரலில் கோபம்கூட இல்லை.

"அம்மா அந்தாளை என்னான்னு சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியாதாடி?"

தெரியாது. எனக்கு யார் சொன்னார்கள்? சங்கிலி போட்டுக்கொண்டு ஊர்ப் பெண்கள் பின்னால் சுற்றியவரைத் தெருவே மைனர் என்றுதான் கூப்பிட்டதாம். அவர் போன பிறகு அம்மாவும் அவரை வேறு பெயரில் சொன்னதில்லையாம். மைனர் பஸ் ஸ்டாண்டில் நின்றான், மைனருக்கு சுகர் வந்துவிட்டதாம். சமையலறைக் குசுகுசுப்பு முழுக்க அதுதானாம். என்னிடம் சொல்லாமல் மறைத்த அவர்கள் இரண்டு பேர்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது, அந்த நிமிஷத்திலும்.

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையை மட்டும் தூக்குகிறாள், நான் வாசிக்கிறேன்.

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நான் வாசித்த மேஜருக்கு, அவள்மேல் முதல் பிடி மண்ணைப் போட்டது மைனர்.