சோத்துக்கைப் பக்கம்

கலியாண வீட்டுப் பந்தியில் சூசைப்பிள்ளை பாஸ் எப்போதும் இடது கோடியில்தான் இருப்பார். அந்த இடம் போய்விட்டால் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார். பசி காதை அடைத்தாலும் நடுவில் இருக்கமாட்டார். முப்பது வருடமாக இதைப் பார்த்த ஓர்ஸ் ஹில் சனம், மனுசனுக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்றுகூடச் சொல்லிக்கொண்டது. விசயம் வேறு. அவர் இடது கையால் சாப்பிடுகிறவர். நடுவில் இருந்தால் அவருடைய முழங்கை பக்கத்து ஆளின் சோற்றுக் கையைத் தட்டிவிடும். ஒருமுறை தட்டி, ஒரு சம்மாட்டியாரின் வேட்டி முழுக்க இறால் குழம்பு. சின்ன வயதில் தாய் அந்தக் கைக்கு வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துச் சுவாமியார் பிரம்பால் பார்த்தார். கை மாறவில்லை. வேப்பெண்ணெய் பழகியதுதான் மிச்சம்.

கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரரிடம் வாகனம் திருத்தும் வேலை பார்த்தவர் அவர். அவர்கள் கப்பலேறிப் போனதும் மலையடியில் ஒரு கராஜ் போட்டார். முதல்நாளே வேலைக்குச் சேர்ந்தவன் சரீப். பாஸ் வாயைத் திறக்குமுன் சரியான ஸ்பானரை நீட்டுகிற ஆள். பதினொரு வருடம் அப்படியே ஓடியது.

அறுபத்தெட்டாம் ஆண்டு அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் குலசிங்கம் ஒரு பச்சை ஸ்போட்ஸ் காருடன் வந்து நின்றார். தனியாளாய் ஓடித்திரிந்த ஒரு பருத்த வெள்ளைக்காரக் கொமாண்டர் விற்றுவிட்டுப் போய், மூன்று கை மாறி வந்த கார். றைவர் பக்கம் சாய்ந்தே நின்றது.

"ஐயா, ஒருக்கா இறங்குங்கோ" என்றார் பாஸ்.

குலசிங்கம் இறங்கினார். கார் நிமிரவில்லை.

"நீங்கள் இறங்கீட்டியள். துரை இன்னும் இறங்கேல்லை" என்றான் சரீப்.

"சந்தியில நிக்கிறவங்களும் இதைத்தான் சொல்லுறாங்கள்" என்றார் குலசிங்கம் அழாக்குறையாக.

பாஸ் அவசரப்படுகிற ஆள் அல்ல. நாலு டயருக்கும் காற்றுப் பார்த்தார். கராஜ் நிலத்தில் நம்பிக்கையில்லாமல் காரை இறங்குதுறைச் சீமெந்துக்குக் கொண்டுபோய், குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, பம்பரைத் துறைமுகத் தண்ணீர் மட்டத்தோடு ஒப்பிட்டார். மீன் வாங்க வந்தவர்கள் அவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று சோடா வாங்கிவந்தார்கள். சோடாவைக் குடித்துவிட்டு, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை நாலு மூலையும் அளந்தார். பின்னால் வலது பக்கம் ஒன்றேகால் அங்குலம் குறைவு. கொமாண்டரின் பாரத்தில் ஸ்பிறிங் தகடுகள் களைத்துப் போயிருந்தன.

பின் ஸ்பிறிங் இரண்டையும் கழற்றிக்கொண்டு தம்பலகாமத்துக்குப் போனார். அங்கே உழவு மெசின் கலப்பைகள் அடிக்கும் சின்னராசா அவற்றைக் காய்ச்சி வளைத்தார். றைவர் இருக்கிற பக்கத்துக்கு அரை அங்குலம் கூடுதலாக வளைக்கச் சொல்லியிருந்தார் பாஸ். வேலை முடிந்தபோது இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தன.

"மாறிப்போடும் பாஸ். பெயின்றால எழுதிவிடுறன். உயரமானது சோத்துக்கைப் பக்கமோ, பீச்சைக்கைப் பக்கமோ?"

பாஸ் மனதுக்குள் காரில் ஏறி இருந்து பார்த்தார். றைவர் இருக்கும் வலப்பக்கம், அவர் சோறு தின்னாத கைப் பக்கம்.

"பீச்சைக்கை" என்றார்.

சின்னராசா உயரமானதில் "பீ" என்றும் மற்றதில் "சோ" என்றும் வெள்ளைப் பெயின்றால் எழுதினார்.

வீட்டுக்கு வந்த பாஸுக்குக் காய்ச்சல். மனைவி திரேசம்மா அவரைக் கட்டிலை விட்டு எழும்ப விடவில்லை. ஸ்பிறிங்கைப் பூட்டியது சரீப். ஊர் உலகம் முழுக்கச் சோறு தின்னும் கை எதுவோ, அதை வைத்து எழுத்தைப் படித்தான்.

மூன்றாம் நாள் பாஸ் வந்து பார்த்தபோது கார் முன்னையைவிட மோசமாகச் சாய்ந்திருந்தது. குலசிங்கம் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இப்ப துரை துரைசாணியையும் ஏத்தியிருக்கிறார் பாஸ்."

பாஸுக்கு முகம் கறுத்தது. ஸ்பிறிங் போல்ட்டை இறுக்கும்போது சில்லு நிலத்தில் இருக்கவேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் உள்ளே றப்பர் முறுகி அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும்.

"இடப்பக்கத்தைத் தொங்கலில வைச்சு இறுக்கினனியோ?"

"இல்லை பாஸ். காரை இறக்கிப்போட்டுத்தான் இறுக்கினனான்."

"பதினொரு வருசம் என்னோட இருந்து பொய்யும் பழகிட்டியோ?"

சரீப் குலசிங்கத்தைப் பார்த்தான், பாஸைப் பார்த்தான். கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்து, பெட்டியில் அதன் இடத்தில் வைத்தான். "நான் பொய் சொல்லேல்லை" என்றுவிட்டு நடந்தான். "பாத்தியளே, குற்றமுள்ள நெஞ்சு" என்றுவிட்டுக் குலசிங்கமும் கச்சேரிக்குப் போனார்.

சரீப் தொங்கலில்தான் இறுக்கினான் என்று நிரூபிக்கவே பாஸ் காருக்குக் கீழே போனார். போல்ட்டை இளக்கினார், காரைக் குலுக்கினார், திரும்ப இறுக்கினார். ஒரு நூல்கூட மாறவில்லை. மத்தியானமாகிவிட்டது. கீழே படுத்தபடியே பேக்கரிப் பணிஸ் ஒன்றைக் கடித்தார். பணிஸுக்கு நேர் மேலே, இடது ஸ்பிறிங்கில், வெள்ளையாக "பீ" என்றிருந்தது. பணிஸ் பிடித்திருந்த கையைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். ஐம்பது வயதில் முதல்தடவையாகத் தாயின் வேப்பெண்ணெய் சரி என்று பட்டது.

பின்னேரம் ஸ்பிறிங் இரண்டும் பக்கம் மாறின; கார் நேராக நின்றது. குலசிங்கம் சந்தியை மூன்றுதரம் சுற்றினார். என்ன பிழை என்று அவர் கேட்கவில்லை. பாஸும் சொல்லவில்லை.

சரீப் புல்மோட்டையில் மண் லொறி திருத்தும் வேலைக்குப் போய்விட்டான். பாஸ் ஒரு கிழமை பொறுத்து, தொதல் இனிப்பும் வாங்கிக்கொண்டு அங்கே பஸ் ஏறினார்.

"கார் நிமிந்திட்டுதாமே பாஸ். என்னவாம் பிழை?"

"ஸ்பிறிங் பக்கம் மாறிப்போச்சு."

"ஆரால?"

பாஸ் தேத்தண்ணியை ஆற்றினார். "சின்னராசாவின்ர கையெழுத்து அவ்வளவு வடிவில்லை."

சரீப் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னான்: "உங்களில எனக்குக் கோவமில்லை. ஆனா கிளாக்கருக்கு முன்னால என்னைப் பொய்யன் எண்டியள். அவருக்கு முன்னால இல்லையெண்டும் சொல்லிவிடுங்கோ. அது போதும்."

"வாற கிழமை சொல்லுறன்."

சொல்லத்தான் போனார். ஒருநாள் கச்சேரி வாசல்வரை போய், முத்திரை ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினார். கண்கட்டிக்கொண்டும் கார் திருத்துகிற பாஸ் என்று குலசிங்கம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அந்த ஆளிடம் போய், சாப்பிடுகிற கையால் வந்த பிழை என்று எப்படிச் சொல்வது? பதின்மூன்று வருடம் நத்தாருக்கு நத்தார் புல்மோட்டைக்குக் கேக் போனது. பெருநாளுக்குப் பெருநாள் அங்கிருந்து வட்டிலப்பம் வந்தது. இரண்டு பேரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

எண்பத்தொன்றில் பாஸ் செத்தபோது சரீப் முதல் பஸ்ஸில் வந்தான். தாடி நரைத்திருந்தது. செத்தவீட்டுப் பந்தலில் பக்கத்துக் கதிரையில் இருந்த குலசிங்கத்துக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

"என்ர காரை நிமித்தின மனுசன்" என்று குலசிங்கம் மூக்கை உறிஞ்சினார். "கூட ஒருத்தன் நிண்டவன். பிழையாப் பூட்டிப்போட்டுப் பொய்யும் சொன்னவன். பாஸ் அவனை ஊருக்குக் காட்டிக்குடுக்காம, தானே கீழ படுத்துச் சரிபண்ணினவர்."

சரீப் சவப்பெட்டிப் பக்கம் பார்த்தான். திரேசம்மா அதன்மேல் கைவைத்தபடி இருந்தார்.

"நல்ல மனுசன்" என்றான் சரீப். "ஒரு சொல்லு மட்டும் எனக்குத் தரவேண்டியிருந்தது."

"என்ன சொல்லு?"

"அது அவர்தான் சொல்லவேணும் ஐயா" என்றுவிட்டு, பெட்டி தூக்கப் போகிறவர்களோடு சேர எழும்பினான்.