சொர்ணவல்லிக்கு ஜாமீன் போட்டவள்

1964-ல் சொர்ணவல்லிக்குத் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதைச் சொல்லிச் சந்தோஷப்பட வீட்டில் அவள் ஆத்தா ராக்காயி ஒருத்திதான் இருந்தாள். ராக்காயிக்குப் புதுக்கோட்டையில் ஒரு ரைஸ்மில் களத்தில் நெல் கிண்டிவிடும் வேலை. பஸ் டிரைவராக இருந்த அப்பா கருப்பன் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது.

ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் வழியில்லை. சர்க்கார் படிப்புக் கடன் கொடுக்கிறது, வேலைக்குப் போன பிறகு திருப்பிக் கட்டலாம் என்று கல்லூரி ஆபீசில் சொன்னார்கள். ஆனால் சொத்துள்ள ஒருவர் ஜாமீன் போட வேண்டும். அங்கேதான் முட்டியது.

தாய்மாமன் வீரய்யாவுக்கு அரிமளத்தில் நிலம் இருந்தது. அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை.

"போடுறேன்த்தா. படிப்பு முடிஞ்சதும் எம்மவன் ராசுவைக் கட்டிக்கிறேன்னு நாலு பேருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிரு."

ராக்காயிக்கு அதில் தப்பொன்றும் தெரியவில்லை. சொர்ணவல்லிக்கோ அதில் இஷ்டமில்லை. "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று எழுந்து வந்தவள் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. மில் முதலாளி கையை விரித்துவிட்டார். தெரிந்த வாத்தியார் ஒருவர், தனக்கே சொந்த வீடு இல்லை என்றார்.

மிச்சம் இருந்தது அறந்தாங்கி. புதுக்கோட்டை–அறந்தாங்கி ரூட்டில் வண்டி ஓட்டிய கருப்பனுக்கு அந்தக் கோடியிலும் ஒரு குடும்பம் இருந்தது. அழகம்மாள் என்ற பெயரை ராக்காயி வாயால் சொன்னதே கிடையாது. 'அறந்தாங்கிக்காரி' என்பதோடு சரி. அவள் பெயரில் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது என்று மட்டும் சொர்ணவல்லிக்குத் தெரியும்.

மில்லுக்கு ஆத்தா போன பிறகு பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த அழகம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் அப்படியே கருப்பனுடையது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. கொடியில் ஒரே ஒரு சேலை காய்ந்தது. சொர்ணவல்லி விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "கையெழுத்து எங்க போடணும்?" என்றாள் அழகம்மாள்.

"வேற ஒண்ணும் கேக்கலியே நீங்க?"

"என்னத்தக் கேக்க? இந்த வீட்டுக்கு இது வேணும்னு கேட்டு யாரும் வந்ததில்ல, நீதான் வந்திருக்க." கடன் பாரத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் பெயரை எழுதினாள். "லீவு விட்டா ஒரு எட்டு வந்துட்டுப் போ."

"வாரேன், சின்னாத்தா."

பாரத்தில் தாய் என்ற முறையில் ராக்காயியின் கைரேகையும் வேண்டியிருந்தது. சொர்ணவல்லி ஒளிக்கவில்லை. யார் ஜாமீன் என்று சொன்னாள். ராக்காயி பாரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவ பேருக்கு மேலயா, கீழயா?"

"கீழ."

கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். அதற்குப் பிறகு மகளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சோறு போட்டாள், புறப்படும்போது பெட்டியில் முறுக்கு வைத்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை.

கல்லூரிக் காலம் அப்படியே போயிற்று. மற்றப் பெண்கள் வீட்டுக் கதை பேசும்போது சொர்ணவல்லி வராந்தாவுக்குப் போய்விடுவாள். லீவுக்கு ஊருக்கு வந்தால் ஆத்தாவும் மகளும் ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தார்கள். அறந்தாங்கி பஸ் வாசலைத் தாண்டிப் போகும். ஏறிவிடலாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஆத்தாவை இன்னும் நோகடிக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிடுவாள்.

படித்து முடித்து பக்கத்து ஊர் ஒன்றில் டீச்சர் ஆனாள். வாடகை வீட்டுக்கு ஆத்தாவையும் கூட்டி வந்தாள். சம்பளத்தில் கடனைக் கட்ட ஆரம்பித்த நாளில், சோற்றைப் பிசைந்துகொண்டே ராக்காயி கேட்டாள்.

"அவ நல்லாருக்காளா?"

"தெரியலாத்தா. நான் போகவே இல்ல."

"ஏன்?"

"ஒனக்காகத்தான்."

ராக்காயி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "எனக்கு ஆகாதவதான். அதுக்காக, கையெழுத்துப் போட்டவளை இத்தன வருசமா எட்டிக்கூடப் பாக்காம இருப்பியா? என்ன புள்ளடி நீ?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே சொர்ணவல்லி போனாள். அழகம்மாள் மெலிந்து, தலை முழுக்க நரைத்திருந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "ஒவ்வொரு லீவுக்கும் பஸ்ஸு நிக்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். சொர்ணவல்லியால் தலையைத் தூக்க முடியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பொழுது சாய வீடு திரும்பியவளிடம், "என்ன கொழம்பு வச்சா?" என்றாள் ராக்காயி.

"கருவாட்டுக் கொழம்பு."

"ஒங்கப்பன் அதுக்குத்தான் உசிர விடுவாரு" என்று சொல்லிவிட்டு, ராக்காயி விளக்கேற்ற எழுந்து போனாள்.