பொன்னியக்கா ஊதிய மூச்சு

எங்கள் தெருப் பொன்னியக்காவின் கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசிக் குஞ்சு தலை சாய்ந்தபோது, அதன் அலகைப் பிரித்து வாயால் ஊதிப் பார்த்தார். அதுவும் பிழைக்கவில்லை.

பறவைக் காய்ச்சல் என்று தெரிந்ததும் கடலூரிலிருந்து நர்ஸ் வந்து, "செத்த கோழிய யாராவது தொட்டீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்றோம். பொன்னியக்கா மட்டும், பிரசவத்துக்குச் சிதம்பரத்திலிருந்து வந்திருந்த மகள் சுவேதாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வாயில ஊதிட்டேம்மா," என்றார்.

"கோழிக்கு முத்தமா? எனக்கு ஒருநாளும் குடுத்ததில்ல," என்றார் அவர் புருஷன். நர்ஸே சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் நானும், அந்தக் கோழிகளை அள்ளிப் புதைத்ததைச் சொன்னேன்.

பத்து நாள் நான் என் வீட்டிலும், அக்கா தன் வீட்டு வாசல் கொட்டகையிலும் ஒதுங்கி இருந்தோம். தினமும் காய்ச்சல் பார்த்தார்கள். பதினோராம் நாள், "ஒண்ணுமில்லக்கா, உள்ள போங்க," என்றார் நர்ஸ். அக்கா கையைக் கழுவிக்கொண்டு போய், மகளின் வயிற்றில் வைத்தார்.