ஊசியக்காவின் முகம்

எங்கள் பட்டறையில் எல்லோரும் அவரை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவோம். சிலிக்கோன் தோலில் ஊசியால் முடி நடுவது அவர் வேலை. புருவம், இமை, நெற்றியோரத்துப் பூனைமுடி எல்லாம் ஒவ்வொன்றாக நட வேண்டும். அந்தத் தோலுக்கு நிறம் ஏற்றுவது என் வேலை. கண்காட்சிகளுக்கு மனித உருவங்கள் செய்துகொண்டிருந்த காலம் அது. "இவங்களுக்கு ஒரு தடவ நட்டா கொட்டவே கொட்டாது. எங்க வீட்டுக்காரர் கேட்டா வயிறெரிவாரு" என்பார் அக்கா. அவர் கணவர் பஸ் ஓட்டுகிறவர். தலையில் பாதி காலி.

பிறகு முதலாளி அசையும் உருவங்களுக்கு மாறினார். ஆஸ்பத்திரி, ஹோட்டல் முகப்பில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசும் இயந்திரப் பெண்கள். முதல் உருவத்துக்கு முகம் கொடுக்க ஒப்புக்கொண்ட பெண் அன்றைக்கு வரவில்லை. என்ஜினியர் கையைப் பிசைந்துகொண்டு ஊசியக்காவிடம் வந்தார்.

"கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டு உக்காருங்கக்கா. அவ்ளோதான்."

அச்சு எடுப்பதற்காக முகம் முழுக்கக் குளிர்ந்த கூழைப் பூசினார்கள். மூக்குத் துவாரம் மட்டும்தான் மிச்சம். கூழ் இறுக இறுக, அக்காவின் விரல்கள் நாற்காலிக் கையைக் கவ்விக்கொள்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கழற்றியதும், "உள்ள இருக்கும்போது செத்துட்டேனோன்னு நெனச்சேன், பெயிண்டரே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதோடு விடவில்லை. கேமரா முன்னால் சிரிக்கச் சொன்னார்கள், வருத்தப்படச் சொன்னார்கள், குழந்தையைக் கொஞ்சுவதுபோலப் பேசச் சொல்லிக் குரலையும் பதிந்துகொண்டார்கள்.

உடம்பு தயாராகும் முன்பே தலை வந்துவிட்டது. மேசையில் ஒரு தண்டில் மாட்டியிருந்த அந்தத் தலைக்கு அக்கா இமை நட்டுக்கொண்டிருந்தபோது, என்ஜினியர் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் கொடுத்துவிட்டார். கண்கள் திறந்து அக்காவைப் பார்த்தன. உதடு சிரித்தது. கண்ணுக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. அக்கா ஊசியைக் கீழே போட்டுவிட்டார்.

"லேட்டா வருதுல்ல? சரி பண்ணிடலாம்" என்றார் என்ஜினியர்.

சரி செய்தார். அதுதான் இன்னும் மோசம். இப்போது அது ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் கீழுதட்டை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டது. தனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பது அக்காவுக்கே தெரியாது. கூட வேலை பார்க்கும் எனக்குத் தெரியும்.

உருவம் முழுதாகி எங்கேயோ போனது. எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவின் நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. கணவர் டூட்டியில் இருந்தார். அக்கா தனியாகத்தான் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். மகளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மருந்து வாங்கத் திரும்பியிருக்கிறார். மறுபடி பார்த்தால் பெஞ்சில் குழந்தை இல்லை.

கூட்டத்துக்கு நடுவே அவர் காதில் விழுந்தது அவருடைய குரலே.

"பயப்படாத கண்ணு. நான் இங்கதான இருக்கேன்."

வரவேற்பு மேசைக்குப் பின்னால், அந்த இயந்திரப் பெண்ணின் மடியில் சாய்ந்திருந்தாள் மகள். அதன் கை குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

"பாப்பா, இங்க வா. அம்மா இங்க இருக்கேன்."

குழந்தை பார்த்தாள். திரும்பி அதைப் பார்த்தாள். மறுபடி இவரைப் பார்த்தாள். வரவில்லை. அதன் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அது தலையைத் தூக்கியது. "வணக்கம். நீங்க யாரைப் பாக்கணும்?" என்று அக்காவைக் கேட்டுவிட்டு, கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அந்த நிமிஷம் நான்தான் போலின்னு ஆயிடுச்சு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். எப்படியோ மேசையைச் சுற்றிப் போய், தானே நட்டிருந்த கூந்தலுக்குள் கையை விட்டு, பின்கழுத்தில் இருந்த ஸ்விட்சை அழுத்திவிட்டார். தலை மார்பில் தொங்கியது. கண் பாதி திறந்தபடி நின்றது. மடியிலிருந்த குழந்தை அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் முகம் உயிரில்லாமல் தொங்குவதைப் பார்த்து அவள் போட்ட அலறலில் ஆஸ்பத்திரியே திரும்பியது.

காய்ச்சல் இறங்கியது. பயம் இறங்கவில்லை. அக்கா அசந்து கண்ணை மூடினால் போதும், மகள் வந்து இமையை விரலால் பிரித்துப் பார்ப்பாள். கட்டிக்கொள்ள வரும்போதெல்லாம் அம்மாவின் பின்கழுத்தைத் தடவித் தேடுவாள். அக்கா அசையாமல் காட்டிக்கொண்டு இருப்பார். வேறென்ன செய்வது?

முதலாளியிடம் போனார். "அந்த மூஞ்சிய எடுத்துடுங்க சார்."

"நீங்க குடுத்ததுதானம்மா. இப்ப அது கம்பெனி சொத்து."

அவர் கெட்டவர் இல்லை. புரியாதவர். கடைசியில் அந்த முகத்தை எடுத்தார்கள், ஆனால் அக்கா கேட்டதற்காக இல்லை. அச்சு அசலாக மனிதரைப் போலிருக்கும் உருவங்களைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கிப் போகிறார்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் புகார் வந்தது. புதிய வடிவத்துக்கு வாய் கிடையாது. வழவழப்பான வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பதில் இரண்டு வட்ட விளக்கு.

பழைய தலை பெட்டியில் திரும்பி வந்தது. அக்கா பெட்டியைத் தொடவில்லை. "நீங்களே அறுத்துடுங்க, பெயிண்டரே." கத்தியால் கன்னத்தை அறுத்தேன், பிறகு நெற்றியை. நான் ஏற்றிய நிறம் துண்டு துண்டாக மேசையில் விழுந்தது. அவர் தன் கன்னத்தில் கை வைத்தபடி கடைசித் துண்டு வரை பார்த்தார். பிறகு கேட்டார்.

"அச்சு எங்க?"

அலமாரி அலமாரியாகத் தேடினோம். இல்லை. என்ஜினியர் தலையைச் சொறிந்துகொண்டே வந்து சொன்னார்: "அத வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு வாங்கிட்டுப் போயிடுச்சுக்கா. உங்க குரல், சிரிப்பு எல்லாத்தையும் சேத்துதான். அவங்களுக்கு மனுஷ மூஞ்சிதான் வேணுமாம்."

அக்கா போய் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

இன்றைக்கும் எங்களோடுதான் வேலை செய்கிறார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள், எல்லாம் மறந்துவிட்டாள் என்றே சொல்கிறார்கள். ஆனால் பெரிய கட்டடம் எதற்குப் போனாலும் அக்கா வாசலிலேயே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கணவர் மட்டும் உள்ளே போய், வரவேற்பில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்துவிட்டு வருவார்.

"இல்ல. வா" என்று அவர் சொன்ன பிறகுதான் அக்கா படி ஏறுவார்.